கடற்கரை சுத்தமா? பூநாரையின் அலகைக் கேளுங்கள்!

அரையாண்டு விடுமுறை விட்டால் போதும், தமிழ்நாட்டுப் பள்ளி, கல்லூரிகளின் சுற்றுலாப் பட்டியலில் இராமேசுவரம் வந்துவிடும். கோயில், பாம்பன் பாலம், அப்துல் கலாம் நினைவிடம், கடைசியில் தனுஷ்கோடி. 2017-இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்ட பிறகு, முன்பு வேனில் குலுங்கிக் குலுங்கி மணலைக் கடந்து போக வேண்டியிருந்த நிலமுனைக்கு இன்று வழுக்கிக்கொண்டு போய்விடலாம். அதே மாதங்களில் அதே முனைக்கு இன்னொரு கூட்டமும் வந்து சேர்கிறது. குஜராத்தின் கட்ச் உப்புவெளியில் குஞ்சு பொரிக்கும் பூநாரைகள், வடதுருவத்தை ஒட்டிய துந்திரச் சமவெளியிலிருந்து புறப்பட்ட உள்ளான்கள், மத்திய ஆசியாவின் உப்புக்கொத்திகள். பேருந்தைவிட்டு இறங்கும் மாணவருக்கு இரண்டு காட்சிகள் ஒருசேரக் கிடைக்கின்றன. தூரத்துத் தண்ணீரில் இளஞ்சிவப்பு வரிசை; காலடி மணலில் தண்ணீர் பாட்டில், சிப்ஸ் பாக்கெட், அறுந்த வலை.

இவ்விரண்டையும் நாம் வெவ்வேறு பாடங்களாகவே சொல்லிக்கொடுத்து வருகிறோம். பறவை என்றால் படம் எடுப்பது. குப்பை என்றால் ஆண்டுக்கு ஒருநாள் கையுறை மாட்டிக்கொண்டு பொறுக்குவது, மூட்டைகளோடு நின்று குழுப்படம் எடுப்பது. இந்தப் பிரிவினையில்தான் சிக்கலே தொடங்குகிறது. கடற்கரை யாருக்காகச் சுத்தமாக இருக்க வேண்டும் என்று கேட்டால், காற்று வாங்க வருகிறவரின் கண்ணுக்காக என்பதே நம் நடைமுறை தரும் பதில். அதனால் கண்ணில் படும் குப்பை மட்டுமே கணக்கில் ஏறுகிறது. அதே கரையில் இரை தேடும் பறவையின் அலகை அளவுகோலாக வைத்துப் பாருங்கள், கணக்கு தலைகீழாகிவிடும். பெரிய குப்பையைவிடச் சிறிய குப்பை ஆபத்தாகத் தெரியும். அது கிடக்கும் இடத்தைவிடப் புறப்பட்ட இடம் முக்கியமாகும். பொறுக்க வந்த மாணவர் கணக்கெடுக்க வேண்டியவர் ஆவார். கடற்கரை மாசு பற்றிய நம் திட்டமும் சட்டமும் பாடமும் இந்த அளவுகோலுக்கு மாறியாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஆண்கடலுக்கும் பெண்கடலுக்கும் நடுவே

தனுஷ்கோடிக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. அலை அடங்கிக் கிடக்கும் வடகடலைப் பெண்கடல் என்றும், சீறியடிக்கும் தென்கடலை ஆண்கடல் என்றும் இராமேசுவரம் தீவு மீனவர்கள் சொல்வார்கள். நடுவே நீண்டு கிடக்கிறது மணல் முனை. அதன் ஓரங்களில் ஆழமில்லாத உப்புநீர்த் தேக்கங்களும் சேற்றுப் பரப்புகளும். 1964 டிசம்பர் புயல் ஊரைத் துடைத்தழித்த பிறகு மனிதர்கள் பெரும்பாலும் விலகிப்போனார்கள். பறவைகள் இந்த இடத்தை விடவில்லை. 2025 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளன்று, இங்கே சுமார் 525 ஹெக்டேர் பரப்பைப் பெரும் பூநாரைகளுக்கான சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. 128 வகைப் பறவைகள் பதிவாகியுள்ள பகுதி இது. ஆர்க்டிக்கிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை சுமார் 30 நாடுகளுக்கு மேலே செல்லும் மத்திய ஆசிய வலசைப் பாதையில் இது ஒரு முக்கியமான தங்குமிடம். வெளிநாட்டு விருந்தாளிகள் என்று இவற்றைக் கொண்டாடுகிறோம். உண்மையில் கொசு உள்ளான் போன்ற பறவை துந்திரத்தில் தங்குவது கோடையில் இரண்டு மூன்று மாதங்கள் மட்டுமே. ஆண்டின் மீதிக் காலம் முழுவதும் நம்முடையதைப் போன்ற வெதுவெதுப்பான கரைகளிலும் வழியிலும்தான் கழிகிறது. நம் கரை கெட்டால் கெடுவது அதன் வீடு.

பூநாரை சாப்பிடும் விதத்தைக் கவனித்தால் அலகை ஏன் அளவுகோல் ஆக்க வேண்டும் என்பது விளங்கும். முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று கழுத்தை நேர்கீழாக இறக்குகிறது. தலை கவிழ்ந்து, மேலலகு கீழேயும் கீழலகு மேலேயுமாகத் தண்ணீருக்குள் கிடக்கிறது. காலால் சேற்றை மிதித்துக் கலக்குகிறது. தடித்த நாக்கு வாய்க்குள் முன்னும் பின்னும் விரைந்து ஓடி, சேற்றுநீரை உள்ளிழுத்து வெளியே தள்ளுகிறது. அலகின் உள்விளிம்பில் நெருக்கமாக அமைந்த மெல்லிய தகடுகள் தண்ணீரை விட்டுவிட்டு உப்புநீர் இறால், சிறு நத்தை, புழு, பாசி ஆகியவற்றைத் தேக்கிக்கொள்கின்றன. இந்த வடிகட்டலில் எது இரை, எது இரையல்ல என்பதைப் பெரும்பாலும் அளவே தீர்மானிக்கிறது. கொசு உள்ளானின் முறை வேறு. ஈரச் சேற்றில் ஓடி ஓடிப் படபடவென்று கொத்தும். எடை முப்பது கிராம்கூட இராது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து திரும்பத் தேவையான கொழுப்பு முழுவதும் இந்தக் கொத்தலிலிருந்துதான் சேர வேண்டும். செரிக்காத ஒன்று அதன் இரைப்பையில் இடம் பிடித்தால், அந்த அளவுக்கு இரை குறைகிறது.

பருப்பு அளவில் வந்த பேரிடர்

சரணாலய அறிவிப்புக்குச் சில நாட்களுக்கு முன்புதான், 2025 மே 24 அன்று, விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குச் சென்ற எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் கேரளக் கடலில் சாய்ந்து மறுநாள் மூழ்கியது. அதில் 640 கன்டெய்னர்கள். சிலவற்றில் மூட்டை மூட்டையாகப் பிளாஸ்டிக் குருணை. நாம் புழங்கும் குடமும் பையும் குழாயும் ஆலைக்குள் முதலில் இந்தக் குருணையாகத்தான் நுழைகின்றன. பருப்பு அளவில், 2 முதல் 5 மில்லிமீட்டர் வரை, வெள்ளையாகவோ நிறமற்றோ இருக்கும். மூட்டை கிழிந்தால் கடலில் மிதக்கும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கேரளக் கரையோர நீரோட்டம் தெற்கே இறங்கிக் குமரிமுனையைச் சுற்றிக் கிழக்கே திரும்பும். குருணையும் அதே தடத்தில் வந்தது. முதலில் திருவனந்தபுரம் கடற்கரைகள், பிறகு கன்னியாகுமரி, அடுத்து மன்னார் வளைகுடாக் கரையும் தனுஷ்கோடியும். வேட்டையையும் ஆக்கிரமிப்பையும் தடுக்க ஓர் அரசாணை போதுமானதாக இருக்கலாம். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி உடைந்த ஒரு கன்டெய்னருக்கு அந்த ஆணை எந்த வகையிலும் தடையில்லை.

இதை எதிர்பாராத விபத்து என்று தள்ளிவிட முடியாது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 2021 மே 20 அன்று, கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பிடித்தது. ஜூன் 2-இல் மூழ்கத் தொடங்கியது. 1,486 கன்டெய்னர்களில் இருந்த சரக்கில் ஏறக்குறைய 1,680 டன் பிளாஸ்டிக் குருணையும் அடக்கம். உலகில் பதிவான மிகப் பெரிய குருணைக் கசிவு அது. இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. எல்சா 3 விவகாரத்தில் கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கேட்டு உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்திருக்கிறது. இழப்பீடு அவசியம்தான், ஆனால் மணலோடு கலந்துவிட்ட குருணையைப் பணத்தால் பிரித்தெடுக்க முடியாது. தடுக்க வேண்டிய இடம் கப்பலின் தளம். உறுதியான பொதி, தெளிவான அறிவிப்பு, கூடுமானவரை தளத்துக்குக் கீழே அடுக்குதல் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2024-இல் பரிந்துரைகளை வெளியிட்டது. அவை பரிந்துரைகள் மட்டுமே, கட்டாய விதிகள் அல்ல. அமிலம் ஏற்றினால் அபாயச் சரக்கு, குருணை ஏற்றினால் சாதாரணச் சரக்கு என்பதுதான் நடப்பு. மனிதரின் தோலைச் சுடுவது அபாயம், பறவையின் வயிற்றை அடைப்பது அபாயமல்ல என்று வகுத்ததன் விளைவு இது.

பறவையின் பக்கம் நின்று பார்க்கும் அறிவியல் இந்த வகைப்பாட்டை ஏற்கவில்லை. பசிபிக் நடுவே இருக்கும் வடமேற்கு ஹவாய்த் தீவுகளில், லேசான் அல்பட்ராஸ் குஞ்சுகளின் வயிற்றில் பிளாஸ்டிக் இருப்பதை 1960-களிலேயே ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். மனிதக் குடியிருப்புகளிலிருந்து அவ்வளவு தொலைவில், பெற்றோர்ப் பறவைகளே கடலிலிருந்து பொறுக்கிவந்து ஊட்டிய பிளாஸ்டிக் அது. ஆய்வாளர் கிறிஸ் வில்காக்ஸும் அவருடைய குழுவும் 186 கடற்பறவை இனங்களை வைத்து 2015-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இப்போது வாழும் கடற்பறவைகளில் ஏறத்தாழ 90 சதவீதம் ஏதோவொரு அளவில் பிளாஸ்டிக்கை விழுங்கியிருக்கும். கடலில் மிதக்கும் பிளாஸ்டிக்கில் பாசி படரும்போது, இரை இருக்கும் இடத்தைப் பறவைக்குக் காட்டிக்கொடுக்கும் அதே கந்தக வாசனை எழுகிறது என்று 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹோவ் தீவுப் பறவைகளின் இரைப்பையில், பிளாஸ்டிக் உரசி உரசித் தழும்பேறிய திசுக்களை 2023-இல் ஆய்வாளர்கள் விவரித்தார்கள். பிளாஸ்டிக்கோசிஸ் என்று அந்த நோய்க்குப் பெயரும் வைத்தார்கள். வயிற்றை அடைக்கும் பெரிய துண்டு கொல்வது ஒருபுறம். சிறிய துண்டுகள் உள்ளிருந்தே உறுப்பைக் கெடுப்பது மறுபுறம்.

இவையெல்லாம் நடுக்கடல் பறவைகள். சேற்றில் மேயும் பறவைக்கு இதே தீர்ப்பைச் சொல்லலாமா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. போர்ச்சுகல், மொரிட்டானியா, கினி-பிசாவ் ஆகிய மூன்று நாடுகளின் அலைத்தரைகளை ஒப்பிட்டு 2017-இல் வெளியான ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. அங்கே சேற்றிலும், சேற்றில் வாழும் சிப்பி புழுக்களிலும், அவற்றைத் தின்ற கரைப்பறவைகளின் எச்சத்திலும் நுண்ணிழைகள் கிடைத்தன. ஆகவே பறவை நேரடியாகப் பிளாஸ்டிக்கைக் கொத்த வேண்டும் என்றுகூட இல்லை. இரையோடு இரையாகவே அது உள்ளே போகிறது. அல்பட்ராஸுக்காவது பார்த்துப் பொறுக்கும் வாய்ப்பு உண்டு. கவிழ்ந்த அலகால் சேற்றை வடிகட்டும் பூநாரைக்கு அதுவும் இல்லை. நோய் இன்ன அளவு பரவிவிட்டது என்று கணக்கு முடியும்வரை காத்திருப்பது, சேறு கெடுவதற்கு நாமே அவகாசம் கொடுப்பதாகும்.

கண்ணுக்குச் சுத்தம், அலகுக்குப் பட்டினி

அலகை அளவுகோலாகக் கொண்டால் நம் துப்புரவு முறையையும் கேள்வி கேட்க வேண்டியிருக்கும். சுற்றுலாக் கடற்கரைகளில் இயந்திரம் வைத்து மணலைச் சீவும்போது, பிளாஸ்டிக்கோடு சேர்ந்து கரையொதுங்கிய கடற்பாசியும் கடற்புல்லும் போய்விடுகின்றன. மனிதக் கண்ணுக்கு அது நாறும் குப்பை. ஆனால் அந்த ஈரக் குவியலைக் கையால் புரட்டினால் துள்ளியோடும் மணல்தத்துகளும் பூச்சிகளும் புழுக்களும் தெரியும். உப்புக்கொத்திக்கு அதுதான் பந்தி. பாசிக்குவியல் குறையும் இடத்தில் கரைப்பறவைகளும் குறைகின்றன என்பதைக் கலிபோர்னியக் கடற்கரைகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. சென்னை அருகே கோவளம் கடற்கரை 2021-இல் பெற்ற, கடற்கரைத் தரத்துக்கான நீலக்கொடிச் சான்றிதழின் விதிகளே, இயற்கையாக ஒதுங்கும் பாசியைத் தொந்தரவாக மாறாதவரை கரையிலேயே விட்டுவிடச் சொல்கின்றன. அப்படியிருக்க, பளபளவென்று சீவிய மணலே சுத்தம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? பறவையைக் கேட்காமல் வந்தது. குருணையோ அந்த இயந்திரத்தின் சல்லடைக் கண்ணில் நழுவி மணலிலேயே தங்கிவிடும். வேண்டியது போய், வேண்டாதது மிஞ்சுகிறது.

துப்புரவு முகாம்களே வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. எதுவும் செய்யாமல் இருப்பதைவிட ஏதாவது செய்வது மேல் என்பவர்களோடு எனக்குப் பிணக்கு இல்லை. வெயிலும் உப்பும் அலையும் சேர்ந்து இன்றைய பாட்டிலை நாளைய துகளாக்குகின்றன. பெரிதாக இருக்கும்போதே எடுத்துவிட்டால் ஆயிரம் சிறியவை பிறக்காமல் தடுக்கலாம். அறுந்த நைலான் வலையை எடுப்பது ஒரு பறவையின் காலையே காப்பாற்றும். கையால், பார்த்துப் பார்த்து, பாசியை விட்டுவிட்டுப் பொறுக்குவதாக இருந்தால் அந்த உழைப்பு வணக்கத்துக்குரியது. ஆனால் நேரமும் முறையும் பறவையை மனத்தில் வைத்துத் தீர்மானிக்கப்பட வேண்டும். அலை வடிந்த சேற்றில் கூட்டம் மேயும் நேரத்தில் நூறு பேர் ஆரவாரத்தோடு இறங்கினால் பறவைகள் எழும்பிப் பறக்கும். அவ்வாறு வீணாகும் ஒவ்வொரு பறத்தலும் வலசைக்குச் சேர்த்த கொழுப்பிலிருந்தே செலவாகிறது. பூநாரைகள் சிறகு விரிக்கும் படம் கிடைக்க வேண்டும் என்று கைதட்டி விரட்டுவதும், தலைக்கு மேல் டிரோன் விடுவதும் இதே வகைத் தீங்குதான். மிச்ச உணவைக் கரையில் வீசினால் காக்கைகளும் நாய்களும் பெருகும். இந்தக் கடலின் மணல்திட்டுகளில் ஆலாக்கள் வெறுந்தரையில் முட்டையிடுகின்றன. அந்த முட்டைக்கும் குஞ்சுக்கும் காக்கையும் நாயும் பெரும் பகை.

ஒரு பாட்டிலால் என்ன ஆகிவிடும்?

கப்பல் கப்பலாகக் கொட்டுகிற உலகத்தில், ஒரு மாணவர் வீசும் பாட்டிலைப் பெரிதுபடுத்துவதா என்ற எதிர்க்கேள்வி வரும். எடையைக் கணக்கிட்டால் கேள்வி சரியானதே. 2010-இல் மட்டும் கடலோர நாடுகளிலிருந்து 48 லட்சம் முதல் 127 லட்சம் டன் வரை பிளாஸ்டிக் கடலில் சேர்ந்திருக்கும் என்பது 2015-இல் வெளியான மதிப்பீடு. இதற்கு முன்னால் ஒரு பேருந்தின் குப்பை தூசு. ஆனால் அந்த லட்சக்கணக்கான டன்னும் கப்பலிலிருந்து வந்ததல்ல. ஊர், ஆறு, கடைத்தெரு, சுற்றுலாத்தலம் என்று நிலத்திலிருந்து சிறுகச் சிறுகச் சேர்ந்தது. இதை மாணவரின் ஒழுக்கப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பதும் தவறு. குடிநீர்க் குழாய் இல்லாத இடத்தில் பாட்டில் வாங்காதே என்று பலகை வைப்பது நேர்மையாகாது. நீலகிரியில் 2022-இல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி மதுப்புட்டிக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலிப் புட்டியைத் தந்தால் திருப்பிக் கொடுத்தார்கள். காட்டு விலங்குகளின் காலைக் கிழித்துக்கொண்டிருந்த புட்டிகளில் பெரும்பாலானவை கடைக்கே திரும்பின. உபதேசம் சாதிக்காததை 10 ரூபாய் சாதித்தது. பாம்பனைத் தாண்டி விற்கப்படும் ஒவ்வொரு தண்ணீர் பாட்டிலுக்கும் இதே ஏற்பாட்டைச் செய்யலாம்; அரிச்சல்முனைக்குப் போகும் வழியில் குடிநீர் நிரப்பும் இடங்கள் அமைக்கலாம். மீனவர்களிடமிருந்து பழைய வலைகளை விலைக்கு வாங்கும் முயற்சி காசிமேட்டில் 2025-இல் தொடங்கியது. பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் அது வேண்டும்.

பறவைக்காக மனிதர் பிழைப்பில் கை வைப்பதா என்பது இதைவிடக் கனமான கேள்வி. மீன் வறுத்து விற்கும் கடைக்காரருக்கும், கரைவலை இழுக்கும் குடும்பத்துக்கும் பதில் சொல்லாமல் எந்தச் சூழல் திட்டமும் நிற்காது. நடந்தவற்றையே பார்ப்போம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்தபோது, கூழைக்கடாக்களின் இறகில் கறை படிந்த அதே நாட்களில் மீனவர்களின் படகிலும் வலையிலும் அது படிந்தது. எக்ஸ்-பிரஸ் பேர்ல் எரிந்தபோது இலங்கையின் மேற்குக் கரையில் மீன்பிடிக்கத் தடை வந்தது. அடுப்பெரியாமல் போனது மீனவர் வீடுகளில்தான். பறவை மேயும் சேற்றில்தான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளர்கின்றன. பறவையின் அலகு மறுக்கும் கரையை மீனவரின் வலையும் வெகுநாள் நம்ப முடியாது. கட்டுப்பாட்டின் சுமையை யார் தலையில் வைப்பது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். குருணை ஏற்றுகிறவரும், பாட்டிலை உற்பத்தி செய்கிறவரும், பேருந்து பேருந்தாக ஆள் கூட்டி வருகிறவரும் முதலில் சுமக்க வேண்டும். கரையிலேயே வாழ்கிறவர் கடைசியில்.

சுற்றுலா வந்தவர் சாட்சியாகட்டும்

மாணவர்களால் ஆகக்கூடியது பொறுக்குவதைவிடப் பெரிது. சென்னையில் 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் ஆமைகள் கரையேறும் பருவத்தில் இரவு இரவாக நடந்து முட்டைகளைக் காப்பதோடு, கரையொதுங்கும் ஆமைகளையும் குறித்துவைக்கிறார்கள். கல்வி முடிந்து ஆட்கள் மாறினாலும் நோட்டு கைமாறுகிறது. அந்தத் தொடர்ச்சிதான் அவர்கள் குரலுக்கு எடை தருகிறது. பறவைக்கும் அப்படிப்பட்ட வாய்ப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரியில் நடக்கிறது. தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. இரண்டும் கல்விச் சுற்றுலாப் பருவத்திலேயே வருகின்றன. குருணையை எண்ணுவதும் கடினமல்ல. அலை ஏறிய கோட்டில் கயிற்றால் ஒரு மீட்டர்ச் சதுரம் கட்டி, மேல்மணலை நான்கு விரல்கடை ஆழத்துக்கு அள்ளி, கடல்நீர் நிறைந்த வாளியில் கொட்டிக் கலக்கினால் மணல் அடியில் தங்கும், குருணை மேலே மிதந்து வரும். எடுத்து எண்ணி, நாளையும் இடத்தையும் எழுதினால் அது ஆவணம். வனத்துறை அனுமதியோடு சரணாலயத்துக்கு வெளியே உள்ள கரையில் ஒரே இடத்தில் ஆண்டுதோறும் வெவ்வேறு கல்லூரிகள் இதைச் செய்தால், எந்தக் கப்பலுக்குப் பிறகு எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்பதை நீதிமன்றத்தின் முன் வைக்க முடியும்.

சுற்றுலாவுக்கு வந்த பிள்ளைகளிடம் வேலை வாங்குவதா, அவர்கள் மகிழ வேண்டாமா என்று பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்பார்கள். தாராளமாக மகிழட்டும். ஒரு மணி நேரம் தொலைநோக்கியில் பூநாரையின் அலகைப் பார்த்த பிள்ளைக்கு, அந்த மகிழ்ச்சி கூடுமே தவிரக் குறையாது. பிள்ளைகள் எழுதும் கணக்குக்குத் தேவையும் இருக்கிறது. உலகப் பிளாஸ்டிக் ஒப்பந்தத்துக்காக 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடிய நாடுகள் உடன்பாடு இல்லாமலே கலைந்தன. மேலே முடிவு தள்ளிப்போகும்போது கீழே சான்று சேர்ந்தபடி இருக்க வேண்டும். ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. பிளாஸ்டிக் குருணையை அபாயச் சரக்காக அறிவிக்க இந்தியா சர்வதேச அரங்கில் வற்புறுத்தட்டும், நம் துறைமுகங்களிலாவது சர்வதேசக் கடல்சார் அமைப்பின் பரிந்துரைகளைக் கட்டாயமாக்கட்டும். தனுஷ்கோடி சரணாலயத்தின் மேலாண்மைத் திட்டத்தில் பறவைக் கணக்கோடு குருணைக் கணக்கும் ஒரே பக்கத்தில் இடம்பெறட்டும். பாட்டிலுக்கு முன்பணம், பாசியைத் தொடாத துப்புரவு, மேயும் நேரத்தில் கூட்டத்துக்குத் தடை ஆகியவை அரசாணையாக வரட்டும். இராமேசுவரத்துக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் ஒரு சதுர மீட்டர்க் கணக்கையாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போகட்டும். இதில் எதுவும் நம் சக்திக்கு மீறியதல்ல. கடற்கரை சுத்தம் என்று இனி யார் அறிவித்தாலும், அங்கே பறவைக்கு இரை இருக்கிறதா, அந்த இரையில் பிளாஸ்டிக் இல்லையா என்ற இரண்டு கேள்விகளுக்கு எண்களோடு பதில் கேட்போம். பதில் இல்லாத சான்றிதழை ஏற்க மறுப்போம்.